சாப்பாட்டு நேரத்தை முதலில் குறியுங்கள்

வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் ஒரு நாளை வகுக்கும்போது பெரும்பாலும் வேலையைத்தான் முதலில் எழுதுகிறார்கள். சாப்பாடு மிச்சமிருக்கும் இடுக்கில் நுழைகிறது. மதிய உணவு 3 மணிக்குத் தள்ளிப்போகிறது. இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். காலை 8, பகல் 1, இரவு 8 என மூன்று வேளையையும் முதலில் குறித்துவிட்டு, வேலையை அவற்றுக்கு இடையில் வையுங்கள். ஆழ்ந்த கவனம் தேவைப்படும் வேலை பகல் உணவுக்கு முன்பே முடியட்டும். சாப்பிட்ட பிறகு சற்று மந்தம் தட்டுவது இயல்பு; மின்னஞ்சல்களை அப்போது பார்க்கலாம். தேநீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கிறது.

பொழுதை அதிகம் விழுங்குவது செய்திதான். கைபேசியில் செய்திச் செயலிகளின் அறிவிப்புகளை இன்றே அணைத்துவிடுங்கள். வானொலிச் செய்தி சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவு இருப்பதே அதன் அருமை. விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரைக்கு முடிவே கிடையாது. காலையில் வானொலி, மாலையில் நாளிதழ், அவ்வளவு போதும். படுக்கையில் செய்தி வேண்டவே வேண்டாம்.

கேட்பதற்குத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒலிநூலோ உரையோ கேட்கலாம். எழுதும்போது மட்டும் பேச்சைத் தவிருங்கள். இரண்டு பக்கச் சொற்களும் மோதிக்கொள்ளும். வீணையோ புல்லாங்குழலோ என்றால் இடைஞ்சல் குறைவு.