மத்தளத்துக்கு எத்தனை மைக்? வீட்டு ஸ்டூடியோவுக்கு ஓடியோ இன்டர்பேஸ் வாங்குவது பற்றி

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என்னுடைய ஸ்டூடியோ. சுவரில் சாய்த்த பழைய மெத்தை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, மேசையில் ஒரு லப்டொப். மைக்கின் சத்தத்தை லப்டொப்புக்குள் கொண்டுபோகிற பெட்டிதான் ஓடியோ இன்டர்பேஸ். நான் முதலில் வாங்கிய பெட்டியில் மைக் செருக ஒரேயொரு இடம்தான் இருந்தது. பாடுவது நான், கீபோட் வாசிப்பது கூட்டாளி, இதற்கு அது காணும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சித்திரை மாதம், வைகாசியில் வரும் அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் பாட்டு ஒன்று பதிய வேண்டும் என்று வடமோடிக் கூத்து ஆட்டுவிக்கும் அண்ணாவியார் ஒருவர் வந்தார். தனியாக அல்ல. தோளில் மத்தளம், பின்னால் சல்லரி என்ற கைத்தாளம் போடுகிறவர், பிற்பாட்டுக்கு இரண்டு பேர். "மத்தளத்துக்கு ரெண்டு தலை கிடக்கு மனே, நீ ஒரு மைக்கை வைச்சிருக்காய்" என்றார். நடுவில் ஒற்றை மைக்கை நிறுத்திப் பதிந்தோம். கேட்டுப் பார்த்தால் சல்லரி மட்டும்தான் பாடியது. ஒரே மைக்கில் கலந்து விழுந்த சத்தத்தைப் பிறகு பிரித்துக் கூட்டிக் குறைப்பது என் கைக்கு ஆகிற வேலை அல்ல.

ஆகவே கடைக்குப் போக முன்னம் ஒரு தாளை எடுத்து, உங்கள் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை வாய், எத்தனை கை சத்தம் போடும் என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் பதிந்து அடுக்குகிறவருக்கு இரண்டு மைக் இடம் தாராளம். ஆள் சேர்ந்து வாசிக்கிற இசை என்றால் நாலு வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. பெட்டியின் பெயரில் 4 என்று இருந்தால் நாலு மைக் செருகலாம் என்று அர்த்தமில்லை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 இரண்டிலும் மைக் பிரிஆம்ப், அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் இடம், இரண்டுதான். மற்ற இரண்டும் கீபோட் போன்றவற்றுக்கான லைன் இடங்கள். பெரிங்கர் யூஎம்சி404எச்டியில் மைக் இடம் உண்மையாகவே நாலு இருக்கிறது. பெயரைப் பார்க்காமல், விவரத்தாளில் 'மைக் பிரிஆம்ப்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது, கெய்ன். அதாவது மைக்கில் இருந்து வரும் சின்னஞ்சிறு மின்சாரத்தைப் பெட்டி எவ்வளவு பெருக்கித் தரும் என்பது. எங்கள் அறையில் வீதி ஓட்டோவும் மேலே சுழலும் பேனும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரும் சேர்ந்துதான் பாடும். சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வைத்தால் அத்தனையும் உள்ளே வரும். அதனால் நான் அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்துப் பதிகிறவன். டைனமிக் மைக்கின் பலவீனம், அதன் வெளியீடு மிகச் சன்னம். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும். நாலாம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ தருவது 57. அதே தலைமுறை 2ஐ2 தருவது 69. கண்டென்சர் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அந்த மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பட்டன் இருந்தால் போதும். என்னைப் போன்றவருக்கு அதுதான் எல்லாம்.

வாங்க முன்னம் உங்கள் மைக்கையும் ஹெட்போனையும் கொண்டுபோய்ச் செருகி, கெய்ன் குமிழை முக்கால்வாசி திருப்பி, பேசாமல் ஒரு நிமிடம் இருந்து கேளுங்கள். ஸ்ஸ்ஸ் என்று மழை இரைகிற மாதிரிக் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். கொழும்பில் இருந்து பார்சலில் எடுப்பதென்றால், எத்தனை நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதலே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டு ஒரு பெட்டியோடு மாட்டிக்கொண்டவன்.

192 கிலோஹேர்ட்ஸ் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்குக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். கிலோஹேர்ட்ஸ் என்பது சத்தத்தை ஒரு செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்பது, பிட் என்பது ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் எங்கள் வேலைக்குத் தாராளம். 24 பிட் முக்கியம், ஏனென்றால் சல்லரி திடீரென்று அடிக்கும். பதிவின் எல்லை 0 டெசிபல்; உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெய்னைக் குறைத்து வைத்துப் பதிந்து, பிறகு கூட்டினாலும் இரைச்சல் எழாது. உச்சத்தில் வெட்டுப்பட்ட சத்தத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது தாமதம். பாடுகிறவர் தன் குரலை ஹெட்போனில் பிந்திக் கேட்டால் தாளம் வழுக்கும். மென்பொருள் ஒரு தடவைக்குச் சத்தத்தைச் சேர்த்து எடுக்கும் அளவை, அதாவது பஃபரை, 128 என்று வைத்தால், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு; 512 என்றால் 10க்கு மேல். போய்த் திரும்பி வரும்போது இது இரட்டிக்கும், இன்னும் கொஞ்சமும் கூடும். சத்தம் ஒரு மீற்றர் போக ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். அப்படியானால் 512இல் பாடுவது, கூத்துக் களரியில் ஏழு மீற்றர் தள்ளி நிற்கிற மத்தளக்காரருக்குத் தாளம் பிடிப்பது மாதிரி. கூத்தில் அது பழக்கம்தான், ஹெட்போனில் தலை சுற்றும். டிரெக்ட் மொனிட்டர் என்ற பட்டன் உள்ள பெட்டி குரலை லப்டொப்புக்குள் விடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும். அது இல்லாத பெட்டியை நான் தொடுவதே இல்லை. விண்டோஸ் பாவிக்கிறவர்கள், தயாரித்த நிறுவனமே அந்தப் பெட்டிக்கென்று, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் என்ற மென்பொருளைத் தருகிறதா என்றும் பாருங்கள்.

சரி, கரண்ட். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது மறந்திருக்காது. அந்த நாட்களில் என் சின்னப் பெட்டி யூஎஸ்பி வயரில் இருந்தே சக்தி எடுத்ததால், லப்டொப் பற்றரி இருக்கும் வரை பதிந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் மிகச் சுத்தமான பதிவுகள் அந்த நாட்களில்தான். பேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, ஊரே அமைதி. யூஎஸ்பி சக்தியில் ஓடுகிற பெட்டிக்கு அதனால் என் மனதில் தனி இடம். மேலே சொன்ன 404எச்டிக்கு வேறாக ஒரு அடாப்டர் வேண்டும். நாலு மைக் வேண்டுமென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதியும்போது 'ம்ம்ம்' என்று அடித்தொனி ஒன்று வந்தால், பெட்டியைக் குறை சொல்ல முன்னம் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

இரண்டு பேர் சேர்ந்து பாடுவதென்றால் ஹெட்போன் துளை எத்தனை என்றும் எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் பிரிக்கும் வயர் வாங்கலாம், சத்தம் கொஞ்சம் குறையும்.

பாவித்த பெட்டியும் மோசமில்லை, ஆனால் கடற்கரைப் பக்க வீடுகளில் இருந்து வந்ததை நம்பிவிடாதீர்கள். உப்புக் காற்று துளைகளையும் குமிழ்களையும் தின்றிருக்கும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு எல்லாக் குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மைக் வயரைச் செருகி லேசாக ஆட்டுங்கள். யூஎஸ்பி வயரையும் அப்படியே. பிறகு 48 வோல்ட் பட்டனைப் போட்டு, கண்டென்சர் மைக் ஒன்றை இரவல் வாங்கியாவது ஒவ்வொரு துளையிலும் பேசிப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செத்துக் கிடந்த பெட்டி ஒன்று இன்னும் என் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.