அசெட்டோ கோர்ஸா: ஸ்டீயரிங் வீல் வாங்கியாச்சு, இனி என்ன அமைப்பது?

ரேசிங் கேம் என்றாலே கீபோர்டில் அம்புக்குறியை அழுத்துவதுதான் என்று இருந்தவர்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் ஒரு லாஜிடெக் ஜி29 வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, கார் நேராகவே போக மாட்டேங்குது" என்று கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கே இப்படி இரண்டு தம்பிகள் வீலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீல் நன்றாகத்தான் இருந்தது. அமைப்புதான் சரியில்லை. இனி வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது அசெட்டோ கோர்ஸா, 2014-ல் இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி வெளியிட்ட முதல் பதிப்பு. அதற்கப்புறம் கொம்பெட்டிசியோனே வந்தது, ஈவோவும் வந்துவிட்டது. ஆனாலும் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் பழசையே சொல்வேன். சுமாரான கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும், ஸ்டீமில் தள்ளுபடி நாளில் மலிவாகக் கிடைக்கும், இயற்பியல் இன்றைக்கும் சோடை போகவில்லை. ஸ்டீமில் கணக்குத் தொடங்குவது, கேமை இறக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் மேசையும் நாற்காலியும்

மென்பொருளுக்கு முன்னால் மரவேலை. ஜி29-ஐ மேசையில் இறுக்க அதிலேயே கிளாம்ப் இருக்கிறது. மெல்லிய தகடு போட்ட இரும்பு மேசையில் அது ஆடும். இடையில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து இறுக்கினால் நிற்கும். பெடல்தான் பெரிய தொல்லை. நம் ஊர் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, பிரேக்கை மிதித்தால் பெடல் செட்டே சுவர் வரைக்கும் போய்விடும். பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் அளவாக ஒரு பலகையை முட்டுக்கொடுங்கள், போதும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு கால் மர நாற்காலிதான் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வளையும், அதனால் பிரேக் அளவு ஒவ்வொரு முறையும் மாறும்.

வீலை அடாப்டரில் செருகி, யுஎஸ்பி வயரை நேரடியாகக் கணினியில் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். செருகியதும் வீல் தானாக இடமும் வலமும் சுற்றி நடுவைக் கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் கையை வைக்காதீர்கள். கரண்ட் போய் வந்தாலும் இதே சுற்று மறுபடி நடக்கும். அப்போது வீலைப் பிடித்துக்கொண்டிருந்தால் நடு தவறிப்போய், நேர் சாலையில் கூட வீல் கோணலாக நிற்கும். வீலுக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. கடைசியாக மூன்று பெடலையும் ஒருமுறை முழுசாக மிதித்து விடுங்கள்.

ஜி ஹப்பில் இரண்டே விஷயம்

ஜி ஹப் என்பது வீலுக்கு லாஜிடெக் தரும் மென்பொருள். அதில் சுழற்சி அளவு 900 டிகிரி. சென்டரிங் ஸ்பிரிங் ஆஃப். மற்றவற்றைத் தொடாதீர்கள். இந்த ஸ்பிரிங் வீலை எப்போதும் நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அது டயர் சொல்கிற செய்தி இல்லை, வெறும் ரப்பர் இழுப்பு.

கன்டென்ட் மேனேஜர்

கேமோடு வருகிற பழைய லாஞ்சரை நான் தொடுவதே இல்லை. கன்டென்ட் மேனேஜர் என்று ஒரு தனி மென்பொருள் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குத் தாராளம். அதோடு கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் போட்டுக்கொண்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், வசதிகளும் கூடும். இதை நிறுவுவதற்கு முன் ஸ்டீமிலிருந்து கேமை ஒருமுறை நேரடியாகத் திறந்து மூடுங்கள். அப்போதுதான் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் அமைப்புக் கோப்புகள் உருவாகும். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு, கன்டென்ட் மேனேஜர் பிழை காட்டுகிறது என்கிறார்கள்.

இன்னொன்று, ஒன்டிரைவ். புது லேப்டாப்களில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அது தன் பக்கம் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் மாற்றிய அமைப்பு மறுநாள் பழையபடி ஆகிவிட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவிலிருந்து விலக்கிவிட்டால் சரியாகிவிடும்.

கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் நான்கையும் ஒதுக்குங்கள். ஸ்டீயரிங் 900 டிகிரி, காமா 1, ஃபில்டர் 0, ஸ்பீட் சென்சிடிவிட்டி 0. கடைசி மூன்றும் கேம்பேடுக்காக வைத்தவை. வீலுக்கு வேண்டாம். காருக்குள் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பாருங்கள். திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் கையிலிருப்பதும் ஒரே அளவு திரும்பினால் இந்தப் பகுதி முடிந்தது.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்: இங்கேதான் நிதானம் வேண்டும்

டயரில் நடப்பதை வீலுக்குள் இருக்கும் மோட்டார் விசையாக உங்கள் கைக்குக் கொடுப்பதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். எனக்கு வாரக்கணக்கில் தலைவலி கொடுத்தது இந்த ஒரு படிதான். இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி "கெய்னைக் கூட்டு" என்று முடிகிறது, அதாவது அந்த விசையின் மொத்த அளவைக் கூட்டச் சொல்கிறது. நான் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன்.

வளைவில் கார் திரும்பும்போது முன் டயர்கள் தாமாகவே நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிகிறது. திருப்பத் திருப்பக் கனம் ஏறும். ஆனால் டயரின் பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இந்த இழுப்பு இறங்க ஆரம்பித்துவிடும். அதாவது டயர் வழுக்கப் போகிறது என்பதை ஸ்டீயரிங் லேசாகி முன்கூட்டியே சொல்கிறது. வேகமாக ஓட்டுகிறவர்கள் காத்துக்கொண்டிருப்பது இந்த இறக்கத்துக்குத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜி29-ன் மோட்டார் தரக்கூடிய முறுக்கு விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். கேம் அதற்கு மேல் கேட்டால் மோட்டார் தன் உச்சத்திலேயே நின்றுவிடும். விசை ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. மேலே இருந்த ஏற்ற இறக்கம் முழுக்க வெட்டுப்பட்டுப் போகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். கெய்னை ஏற்றி வைத்தவருக்குக் கை வலிக்கும், "ஆகா, நிஜம் மாதிரி இருக்கு" என்றும் தோன்றும். ஆனால் டயர் எப்போது விட்டுக்கொடுக்கிறது என்பது மட்டும் அவருக்கு வந்து சேராது. அதனால்தான் கார் எந்த அறிவிப்பும் இல்லாமல் புல்லுக்குள் போகிறது.

செய்ய வேண்டியது இது. லோட்டஸ் எலிஸ் எஸ்சி காரை எடுங்கள், தடம் மஜோனே. இரண்டும் கேமோடேயே வருகின்றன. நிஜ எலிஸில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதனால் டயர் சொல்வது கலப்படமில்லாமல் கைக்கு வரும். மஜோனே சுமார் 2.5 கிலோமீட்டர் மட்டுமே, ஒரே வளைவை அடிக்கடி சந்திக்கலாம். கெய்னை 70-ல் வைத்துத் தொடங்குங்கள். ஓடும்போது மவுஸைத் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஆப் பட்டியல் வரும். அதில் பெடல்ஸ் என்பதைத் திறங்கள். அதிலுள்ள கோடுகளில் ஒன்று ஃபோர்ஸ் ஃபீட்பேக். அது சிவப்பாக மாறினால் கிளிப்பிங்.

ஓரக் கல் மேல் ஏறும்போது ஒரு கணம் சிவந்தால் பரவாயில்லை. நீண்ட வளைவு முழுக்கச் சிவந்தே இருந்தால் கெய்னைக் குறையுங்கள். வளைவின் உச்சத்தில் சிவப்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் சரியான அளவு. முதலில் வீல் செத்துப்போன மாதிரி இருக்கும். பத்து சுற்று பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கை தானாகவே அந்த லேசாகும் கணத்தைப் பிடித்துவிடும்.

காருக்குக் கார் விசை மாறும். ஃபார்முலா கார் எடுத்தால் மறுபடி சிவக்கும். நம்பர் பேடில் உள்ள கூட்டல், கழித்தல் பொத்தான்களால் அந்தக் காருக்கு மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், கேம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மொத்த கெய்னையே காருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கெர்ப் எஃபெக்ட், ரோட் எஃபெக்ட், ஸ்லிப் எஃபெக்ட் மூன்றையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள். மேலே தூவிய மசாலா அவை. உண்மையான விசைக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் அவை எடுத்துக்கொள்ளும். அண்டர்ஸ்டியர் எஃபெக்டும் ஆஃப்.

அடுத்தது மினிமம் ஃபோர்ஸ். ஜி29 பல்சக்கரத்தால் இயங்குவது, அதனால் நடுவில் சிறிய விசைகள் கைக்கு வராமலேயே தொலையும். நேர் சாலையில் வீல் சொதசொதவென்று இருப்பது அதனால்தான். பூஜ்ஜியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நேரே ஓடும்போது கையை விட்டால் வீல் தானே இடம் வலமாக உதற ஆரம்பிக்கும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி வைத்தால் முடிந்தது. பல்சக்கரம் கடகடக்கத்தான் செய்யும். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா எழுந்துவந்து "என்னல சத்தம் இது?" என்று கேட்டால் அதற்கு அமைப்பில் மருந்து இல்லை.

பிரேக்

ஜி29 பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. பாதி தூரம் லேசாகப் போய், அப்புறம் திடீரென்று கல்லாகிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து எட்டி மிதிப்பார்கள். ஏபிஎஸ் இல்லாத காரில் அது தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட மாதிரி, சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரத்தால் காரைத் திருப்ப முடியாது. கன்ட்ரோல்ஸில் பிரேக் காமா என்று ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் தொடக்கத்தில் மென்மையாகவும் கடைசியில் செங்குத்தாகவும் பிடிக்கும். காலுக்குப் பழகும் வரை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். இதில் எல்லாருக்கும் பொதுவான எண் இல்லை. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டையும் ஃபேக்டரி என்று வையுங்கள், நிஜக் காரில் இருந்தால் மட்டும் இருக்கும்.

கையில் இன்னும் காசு இருந்தால் எதை மாற்றலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெடல்தான், வீல் இல்லை. லோட் செல் பிரேக் கால் நகர்ந்த தூரத்தை அளக்காது, அழுத்தத்தை அளக்கும். கால் அழுத்தத்தைத்தான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரிலேயே நேராகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் வீல் நல்ல பொருள்தான், அந்த வகையில் மோசா ஆர்5 5.5 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் மேலே சொன்ன சிவப்புக் கோடு புரியாதவர் கையில் அதுவும் வீண்.

பார்வைக் கோணம்

எஃப்ஓவி என்பார்கள். இதில் ரசனைக்கு இடமில்லை, டேப் எடுத்து அளந்து வைக்க வேண்டிய விஷயம். திரையின் உயரத்தில் பாதியை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதன் ஆர்க்டான் (கால்குலேட்டரில் tan⁻¹, டிகிரியில்) எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அசெட்டோ கோர்ஸாவில் செங்குத்துக் கோணம்தான் கணக்கு. 24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 செ.மீ. 70 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் 24 டிகிரி, 60-ல் 28, 50-ல் 33. 43 அங்குல டிவியை ஒன்றரை மீட்டரில் வைத்தால் 20 டிகிரிதான் வரும். பெரிய திரை என்பதைவிட அருகில் இருக்கும் திரைதான் உதவும். மானிட்டரை வீலுக்கு ஒட்டியே பின்னால் வையுங்கள்.

இவ்வளவு குறுகலாக இருக்கிறதே, பக்கத்துக் கண்ணாடி கூடத் தெரியவில்லையே என்று எரிச்சல் வரும். கோணத்தை அகலமாக்கினால் வளைவு உண்மையைவிடத் தள்ளித் தெரியும், வேகமும் பொய்யாகக் கூடும், பிரேக் இடம் தினம் தினம் மாறும். சரியான கோணத்தில் கார் மெதுவாகப் போவது போல் தோன்றும். நான்குவழிச் சாலையில் நாகர்கோவிலுக்குப் போகும்போது 80-ல் போனாலும் முன்னால் பார்த்தால் வேகம் தெரிவதில்லையே, அதேதான். ஒரே திரையில் குறுகல் தாங்கவே முடியாவிட்டால் நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வி-சிங்கை ஆஃப் செய்யுங்கள், கை திருப்பியதற்கும் திரை திரும்புவதற்கும் இடையே அது தாமதம் சேர்க்கும். நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்தாவது விநாடிக்கு 60 ஃபிரேம் நிற்கும்படி பாருங்கள்.

பின்சேர்க்கை

தென்காசியிலிருந்து ஒருவர், நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டை இறக்கி ஓட்டினால் வீல் தாறுமாறாக உதறுகிறது என்று எழுதியிருந்தார். அது ரசிகர்கள் செய்த தடம். மோன்சா, இமோலா மாதிரி லேசர் ஸ்கேன் செய்து கேமோடு வந்தது இல்லை. ரசிகர் தடங்களில் நல்லவையும் உண்டு, மேடுபள்ளம் தப்பாக அமைந்தவையும் உண்டு. ஆசைக்கு ஓட்டுங்கள், ஆனால் அமைப்பை மஜோனேயிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு கேள்வி பலரிடமிருந்து வந்தது. ஆக்சிலரேட்டரை அசையாமல் பிடித்திருந்தாலும் பெடல்ஸ் ஆப்பில் கோடு துள்ளுகிறது, முழுசாக மிதித்தாலும் உச்சத்துக்குப் போவதில்லை. கேமில் கோளாறு இல்லை, தூசி. ஜி29 பெடலுக்குள் மிதித்த தூரத்தை அளப்பது பொட்டன்ஷியோமீட்டர் என்ற பாகம், அதில் தூசி படிந்தால் இப்படித்தான் துள்ளும். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் ஜன்னல் திறந்தாலே மேசை செம்மண்ணாகிறது, பெடல் தப்புமா? வயரைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, பெடலைப் பலமுறை மிதித்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். வாரன்டி இருக்கும்போது பெடலைத் திறக்காதீர்கள். காற்று காலம் முடியும்வரை ஓட்டாத நேரத்தில் பெடல் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்தால் இந்த வேலை அடிக்கடி வராது.