மேம்பாலத் தூணில் போஸ்டரும் பெயிண்ட் கிறுக்கலும் இருந்தால்

சென்னையில் மேம்பாலத் தூணிலோ சுரங்கப்பாதைச் சுவரிலோ யாராவது போஸ்டர் ஒட்டியோ பெயிண்டால் எழுதியோ நாசம் செய்திருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போகாதீர்கள், மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, அதனால் தயங்காமல் கேட்கலாம்.

"பாலத்துக்குக் கீழே" என்று மொட்டையாகச் சொன்னால் வருகிறவர் தேடியே அலுத்துவிடுவார். எந்தப் பக்கம் போகிற சாலை, பக்கத்தில் என்ன பஸ் ஸ்டாப், தூணில் எண் எழுதியிருந்தால் அந்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மறக்காமல் புகார் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலத்தில் நீங்களே ஏறிச் சுரண்ட வேண்டாம், ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே அது ஆபத்து. உங்கள் வீட்டுச் சுவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். மைதா பசையில் ஒட்டிய போஸ்டரை வெந்நீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டால் ஓரம் தானாகவே சுருண்டு எழும்பும், அப்போது பட்டித் தகட்டைப் படுக்கவைத்துத் தள்ளினால் பெரிய துண்டாக வந்துவிடும். பூசாத சிமென்ட் சுவரில் பெயிண்ட் என்றால்தான் சிரமம், நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், தின்னர் போட்டுத் தேய்த்தால் கறை இன்னும் பரவும். ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது சிமென்டையே அரித்துவிடும். பெயிண்ட் ரிமூவர் தடவி, கையுறை போட்டுக்கொண்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அப்புறமும் போகாவிட்டால் பிரைமர் அடித்துச் சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் பூசிவிடுங்கள்.