தம்பலகாமத்து அறுவடைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

தைப்பொங்கலை எண்ணிப் பயணச்சீட்டு எடுத்து, வெளிநாடுகளிலிருந்து திருகோணமலைக்கு வரும் நம்மவர்களுள் பலர், ஜனவரி நடுப்பகுதியில் அருகிலுள்ள தம்பலகாமத்து வயல்வெளி இன்னும் பச்சையாகவே நிற்பதைக் கண்டு ஏமாறுகின்றனர். நானும் ஒருமுறை அவ்வாறு ஏமாந்து, மாரி மழையில் நனைந்து, வரம்பில் வழுக்கி விழுந்து திரும்பியவன். பொங்கல் தை முதல் நாளில் வருகிறது. மாரி மழையை நம்பி விதைக்கும் பெரும்போக நெல்லோ பெரும்பாலும் மாசியில்தான் வெட்டுக்கு வருகிறது.

ஆகவே உறவினரிடம் "அறுவடை எப்போது?" என்று கேளாமல், "எப்போது விதைத்தீர்கள், எத்தனை மாத நெல்?" என்று கேளுங்கள். நவம்பர் நடுப்பகுதியில் விதைத்த மூன்றரை மாத நெல், பெப்ரவரி இறுதியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் முற்றிவிடும். விடுமுறையை ஒரே தடவைதான் எடுக்க முடியுமென்றால், மகா சிவராத்திரியை ஒட்டி எடுப்பதே என் பரிந்துரை. வயலில் வெட்டு நடக்கும் அதே காலத்தில், கோணேசர் கோயில் சிவனான கோணேசப் பெருமான் திருகோணமலை நகரில் வலம் வருவதையும், வீதிதோறும் வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்து மக்கள் காத்திருப்பதையும் காணலாம்.

இவ்விரண்டுக்கும் பழைய உறவு உண்டு. கோணேசர் கோயிலின் நித்திய பூசைக்கு நெல் விளைவிக்கவே குளக்கோட்டன் என்ற மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தான் என்பது இப்பகுதி மக்களின் மரபுவழி நம்பிக்கை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் மலைமீதிருந்த அந்தக் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் தம்பலகாமத்தை வந்தடைந்தன என்றும், ஆதிகோணநாயகர் கோயில் அவ்வாறே எழுந்தது என்றும் ஊரார் சொல்வர். வயலைப் பார்த்தவர்கள் அக்கோயிலையும் பாராமல் திரும்பக் கூடாது. ஆண்கள் வேட்டியொன்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. அந்தக் கந்தளாய்க் குளமே 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது என்பதையும் அறிந்திருங்கள். முதியவர்கள் தாமாகப் பேசினாலன்றி அதை நாம் கிளற வேண்டாம்.

நகரிலிருந்து கண்டி வீதி வழியாகக் கந்தளாய் செல்லும் பஸ்ஸில் ஏறித் தம்பலகாமம் சந்தியில் இறங்கினால், அங்கிருந்து ஊருக்குள் முச்சக்கர வண்டியில் செல்லலாம்.

இன்று வெட்டுவதும் அடிப்பதும் பெரும்பாலும் மெசின்தான். மாடு கட்டிச் சூடு மிதிக்கும், அதாவது கதிரை மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிக்கும், காட்சியை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். ஆனால் களத்து மரியாதை மாறவில்லை. செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்றிவிடுங்கள். களத்தில் குவிந்திருக்கும் நெல்லைப் "பொலி" என்றே பெரியவர்கள் சொல்வர்; "எத்தனை மூட்டை தேறும்?" என்று நாம் வாய்விட்டுக் கேட்பது, அன்பினால் கேட்டாலும், கண்ணூறாகவே கொள்ளப்படும். என் பெரியப்பா அக்கேள்விக்குப் பதில் சொல்லாமல், சுளகை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார்.

ஜனவரியில் மட்டுமே வரக்கூடியவர்கள் பொங்கலுக்கு மறுநாள் நடக்கும் பட்டிப்பொங்கலைத் தவறவிட வேண்டாம். தைப்பூசம்வரை தங்க முடிந்தால், முந்தி விளைந்த வயலொன்றிலிருந்து சில கதிர்களை எடுத்து, அந்த அரிசியில் சோறாக்கிப் படைத்துண்ணும் புதிரில் உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

ஞாபகத்துக்கென்று நெற்கதிரைப் பெட்டியில் வைத்துக் கட்டாதீர்கள். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் தாவரப் பொருள் எதையும் விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும், மறைத்தால் தண்டப்பணம். கதிரை உறவினர் வீட்டு வாசல் நிலையிலேயே கட்டிவிட்டு வாருங்கள்.