டி.என்.ஏ-வைக் கல்யாணப் பத்திரிகையில் கட்டுவது எப்படி?

மேல்நிலை வகுப்பில் உயிரியல் எடுக்கிறேன். டி.என்.ஏ வரையச் சொன்னால் பிள்ளைகள் ஏணியை அழகாகப் போட்டுவிடுவார்கள். "இந்த இழை எந்தத் திசையில் ஓடுது?" என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அதனால் நான் ஏணியிலிருந்து தொடங்குவதே இல்லை, சர்க்கரையிலிருந்துதான்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 20 ஐங்கோணம் வெட்டுங்கள், ஒவ்வொன்றும் ஒரு சர்க்கரை. உச்சிமுனை ஆக்ஸிஜன். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் மற்ற முனைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். இவை கார்பன்கள். 4-இல் மேல்நோக்கி ஒரு சிறு நாக்கு ஒட்டினால் அது 5. இந்த எண்களில் அவசரம் வேண்டாம், மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது.

சர்க்கரைகளை இணைக்கும் பாஸ்பேட்டுக்குச் சட்டைப் பொத்தான். ஒரு சர்க்கரையின் 3-ஐயும் அடுத்ததன் 5-ஐயும் பொத்தான் வழியாக நூலால் கோத்துக்கொண்டே போங்கள். 10 சர்க்கரை சேர்ந்தால் ஓர் இழை.

ஏணியின் படிகளாக அமையும் காரங்கள் 1-இல் ஒட்டும். அடினைன், குவானைன் இரட்டை வளையம் கொண்டவை, 4 செ.மீ. பட்டை வெட்டுங்கள். தைமின், சைட்டோசினுக்கு ஒற்றை வளையம், 2 செ.மீ. போதும். பெரியதோடு சிறியது சேர்ந்தால் எப்போதும் 6 செ.மீ. ஏணியின் அகலம் எங்கும் மாறாததற்குக் காரணம் இதுதான். அடினைன்–தைமினுக்கு இரண்டு ஸ்டேப்ளர் பின், குவானைன்–சைட்டோசினுக்கு மூன்று; அவை ஹைட்ரஜன் பிணைப்புகள். 1953 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில், டி.என்.ஏ-வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான வாட்சனும் இப்படி அட்டை வெட்டி நகர்த்தித்தான் சரியான ஜோடியைப் பிடித்தார்.

இனி இரண்டாவது இழை. முதல் இழையைப் போலவே நேராக வலப்பக்கம் வைத்துப் பாருங்கள்: 1 வெளிப்பக்கம் போய்விடும், காரத்தை உள்ளே நீட்ட வழியில்லை. எண்கள் தெரியும் பக்கம் மேலேயே இருக்க, இழையைத் தலைகீழாகத் திருப்புங்கள். 1 உள்ளே வந்துவிடும்! இடது இழை மேலே 5-இல் தொடங்கினால் வலது இழை மேலே 3-இல் முடியும். "எதிர் இணை இழைகள்" என்று மனப்பாடம் செய்வதை என் பிள்ளைகள் அப்போது கண்ணால் பார்க்கிறார்கள். காரங்களின் ஆங்கில முதலெழுத்துகளில் 5'-ATGC-3' என்பதற்கு எதிர் இழை 3'-TACG-5' என்று எழுத அதற்குப்பின் யாரும் தடுமாறுவதில்லை.

ஆர்.என்.ஏ-வுக்கு இரண்டே மாற்றம். சர்க்கரையின் 2-இல் ஒரு ஹைட்ராக்சில் வரும். சிவப்பு மையில் புள்ளி வையுங்கள். பக்கத்துப் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கி இழையை உடைக்கக்கூடியது அதுதான், ஆர்.என்.ஏ நெடுநாள் தாங்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அடுத்தது தைமின். அந்தப் பட்டையில் மெத்தில் தொகுதிக்காக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருங்கள். பொட்டைப் பிய்த்தால் யுராசில், அவ்வளவே வித்தியாசம். அந்தப் பொட்டு டி.என்.ஏ-வுக்கு எதற்கு? சைட்டோசின் தானாகவே சிதைந்து யுராசிலாக மாறுவதுண்டு. பொட்டில்லாத யுராசில் டி.என்.ஏ-வில் தென்பட்டால் அது பிழை என்று செல் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிடும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

கடைசியாக முறுக்கு. மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் அடிமுனையைத் திருப்புங்கள். 10 ஜோடிக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று, நிஜத்தில் அதன் நீளம் 3.4 நானோமீட்டர். முன்பக்கம் தெரியும் இழைகள் இடமிருந்து வலமாக மேலேறினால் சரி. சுவரில் தொங்கும் டி.என்.ஏ படங்களையும் ஒருமுறை இதே போல் பாருங்கள்; பலவற்றில் முறுக்கு இடப்பக்கமாக இருக்கும்.