முறிந்த அம்பை ஒட்டும்போது விடுகிற பிழைகள்

மர அம்பு பெரும்பாலும் முனைக்குப் பின்னால் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள்தான் முறியும். வைக்கோல் கட்டைத் தவறவிட்டுப் பின்னால் நிற்கிற பனையில் ஏற்றினால் சொல்லவே வேண்டாம்: முனை பனைக்குள், தண்டு கையில்.

முறிந்த இடத்தை வெட்டிவிட்டு முனையைத் திரும்ப மாட்டலாம்தான், அம்பு ஏற்கெனவே நீளமாக இருந்தால். இல்லாவிட்டால் நாணை முழுதாக இழுக்கும்போது முனை வில்லுக்கு உள்ளே வந்து, பிடித்த கைக்கு நேரே நிற்கும். இழுத்து முடித்த பிறகும் ஓர் அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு துண்டையும் முட்டவைத்து சுப்பர் குளூ விடுவது அடுத்த பிழை. நானும் விட்டிருக்கிறேன், மூன்றாம் முறை எய்தபோது அதே இடத்தில் கழன்றது. குறுக்கே வெட்டிய முகம் பசையை உறிஞ்சிவிடும். பிடிமானம் நார் ஓடுகிற பக்கவாட்டில்தான். ஆகவே முறிந்த முன்துண்டை விட்டுவிட்டு, அதன் இடத்துக்கு ஒரு வன்மரத் துண்டை எடுத்து, தண்டின் நுனியை ஆப்பு மாதிரிச் சீவி, அந்தத் துண்டின் நடுவே வாளால் அறுத்த பிளவுக்குள் இறக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் தண்டுக்கு ஆப்பு 10 சென்ரிமீற்றராவது வேண்டும். மரக்காலையில் கழித்துப் போடுகிற முதிரைத் துண்டு போதும், நார் நேராக ஓடினால் சரி. தேக்கென்றால் எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வன்மரத் துண்டை முதலே உருண்டையாகச் சீவிவிடாதீர்கள். சதுரமாகவே ஒட்டி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் சீவுங்கள்.

நூல் சுற்றுவதை வெடிப்புக்கு மருந்தாக நினைப்பவர்கள் அதிகம். பொருத்தின் மெல்லிய நுனிகள் கிளம்பாமல் இருக்கத்தான் நூல், அதுவும் பசையில் தோய்த்து. தண்டின் நடுவிலோ சிறகுக்குக் கிட்டவோ வெடித்திருந்தால் நூல் அதை மறைக்கும், அவ்வளவுதான். எய்கிற நொடியில் தண்டு முறிந்தால் பின்துண்டு நேரே வில் பிடித்த கைக்குள் ஏறும். அப்படிப்பட்டது அடுப்புக்குத்தான். ஒவ்வொரு முறையும் எய்யுமுன் இரண்டு அந்தத்தையும் பிடித்து மெல்ல வளைத்து, சுழற்றிச் சுழற்றிக் காது கொடுங்கள். ‘டிக்’ என்றால் விட்டுவிடுங்கள்.

மாரியில் ஈரம் குடித்த தண்டை ஒட்டாதீர்கள். பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது பொருத்து வாய் திறக்கும்.

இன்னொன்று, முதிரை பாரமான மரம். ஒட்டிய அம்பு முன்பாரமாகி மற்றவற்றோடு சேர்ந்து போகாது. அடையாளத்துக்கு, ஒட்டிய அம்புகளின் வாலை நான் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு மட்டும், கிட்ட நின்று.