பிலிம் கேமராவை விட்டு டிஜிட்டலுக்கு வருகிறீர்களா? லென்ஸை மட்டும் விற்றுவிடாதீர்கள்

ரங்கூனில் பழைய நிக்கான் எஃப்எம்2 பிலிம் கேமராவை இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிற நம்மவர்கள் யாராவது, டிஜிட்டலுக்கு மாறலாமா என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: பாடியை மாற்றுங்கள், லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டு 105 எம்எம் லென்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

நிக்கான் எஸ்எல்ஆர் கேமராக்களில், பிலிமோ டிஜிட்டலோ, லென்ஸ் மாட்டுகிற வளையம் 1959-லிருந்து அதே எஃப் மவுண்ட்தான். ஆனால் மாட்டினால் போதாது, வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் வேலை செய்ய வேண்டுமே. நிக்கானின் டி3000, டி5000 வரிசை டிஜிட்டல் கேமராக்களில் பழைய மேனுவல் லென்ஸ் ஏறும், மீட்டர் பேசாது. டி7000, டி7100, டி7200 மூன்றிலும் பேசும். அடுத்து வந்த டி7500-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், அதனால் புதுசு என்று ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் லென்ஸையும் பாருங்கள்: அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக, ஒன்று பொடியாக இருந்தால் அது 1977-க்குப் பிறகு வந்த ஏஐ வகை, தைரியமாக மாட்டலாம். அதற்கு முந்தியதை டி7000-இல் திருகினால் விளிம்பில் உள்ள சின்ன நெம்புகோல் உடைந்துபோகலாம். மாட்டியதும் மெனுவில் போய் லென்ஸின் எம்எம், அகலமான அபர்ச்சர் இரண்டையும் பதிந்துவிடுங்கள்.

இந்த கேமராக்களில் பிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதிகிற சென்சார் பிலிமைவிடச் சின்னது. அதனால் 50 எம்எம் லென்ஸ் 75 மாதிரி பார்க்கும், 28 என்பது 42 ஆகிவிடும். கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரையும் 28-இல் அடக்கிய நான், இப்போது சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் இரண்டு பெரியப்பாக்களை வெட்ட வேண்டியதாயிற்று. அகலத்துக்கு மட்டும் ஒரு 18-55 வாங்கிக்கொள்ளுங்கள், செகண்ட் ஹேண்டே போதும்.

சரி, உண்மையான சிக்கல் வெளிச்சத்தில்தான். நெகட்டிவில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுப்போம், பிரிண்ட் போடுகிறவர் பார்த்துக்கொள்வார். டிஜிட்டலில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். முதல் நாள் ஷ்வேடகோன் தங்கப் பகோடாவுக்குப் போய் உச்சி வெயிலில் எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தங்கம் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் காகிதம். நிழலில் போனதை ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போனதை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. ஸ்லைடு பிலிம் போட்டவர்களுக்கு இது பழக்கமான கதைதான். அதனால் தங்கம், வெள்ளை வேட்டி, நெற்றித் திருநீறு எது பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற காம்பன்சேஷனை மைனஸ் 0.7-இல் வைத்து ஆரம்பியுங்கள். மெனுவில் ஹைலைட்ஸ் காட்டுகிற வசதியை டிக் செய்துவிட்டால், வெளுத்த இடம் திரையில் கண் சிமிட்டும். சிமிட்டினால் இன்னும் குறையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, இரவுப் பூக்குழியில் டிஜிட்டல்தான் ராஜா. பாதி ரோலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மாற்ற முடியாமல் தவித்த நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது; இப்போது 3200 வைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள், தணலின் சிவப்பை வெளிறச் செய்துவிடும். டேலைட்டில் வையுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகும் திருத்தலாம்.

பழைய பிளாஷ் வைத்திருந்தால் மல்டிமீட்டரால் அதன் ட்ரிக்கர் வோல்டேஜை, அதாவது கேமராவின் தொடுமுனையில் அது கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சிலவற்றில் 200-க்கு மேல் வரும், கேமரா எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும்.

மே முதல் அக்டோபர் வரை நம் மழைக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிலிம் காலத்திலும் பிடித்ததுதான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறைக்குள் மட்டும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் ஊற்றி விளையாடும் திஞ்சான் பண்டிகை நாட்களில் தெருவுக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். எஃப்எம்2 நனைந்தால் துடைத்துக் காயவைத்துப் பார்க்கலாம், டிஜிட்டலுக்குள் முழுக்க சர்க்யூட்.

கடைசியாக பேட்டரி. எஃப்எம்2-க்கு அது மீட்டருக்கு மட்டும், தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். டிஜிட்டலில் தீர்ந்தால் கையில் இருப்பது வெறும் டப்பா. இரண்டு பேட்டரி வாங்கி, கரண்ட் வந்தவுடன் எந்த நேரமானாலும் ஒன்றைச் சார்ஜில் போட்டுவிடுங்கள். நான் அரிசி குக்கருக்கு முன்னால் அதைத்தான் சொருகுகிறேன், வீட்டில் திட்டும் வாங்குகிறேன்.